துண்டுக்குள் ஆறு விரல்

வேர்த்தது, துடைத்தேன் என்று சொல்லிவிட்டான் நாச்சிமுத்து. சொன்னது சொன்னதுதான், இனி அதை அள்ளித் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாது. "எத்தனை விரல்ப்பா?" என்றுதான் மகள் கோபிகா கேட்டாள். சத்தமாகக்கூட இல்லை. விடுதி ஆபீஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், எத்தனை டிக்கெட் என்று கேட்பதுபோலக் கேட்டாள். "என்ன விரலு? கை வேர்த்துச்சு கண்ணு, தொடச்சேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். அரை நொடி இருக்கும். "சரிங்ப்பா. எந்தக் காலேஜுன்னு நீங்களே சொல்லிருங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு இடத்தைச் சுற்றிக்காட்டப் பல்கலைக்கழகத்தில் ரெஜினா என்று ஒரு மூன்றாம் வருஷத்துப் பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். கோபிகா அவளோடு நாடக அரங்கத்தைப் பார்க்கப் போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கேன்டீன் முன்னால் வந்துவிடுகிறோம் அங்கிள் என்று ரெஜினாதான் சொன்னாள். மகள் சொல்லவில்லை. இப்போது மணி பதினொன்று இருபது. கேன்டீன் முன்னால் ஒரு பாதாம் மரம், அதைச் சுற்றிச் சிமெண்ட் மேடை, மேடையில் அவன். தோளில் துண்டு கிடக்கிறது, பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. இப்போது நிஜமாகவே வேர்க்கிறது, பிடரியிலிருந்து முதுகுக்குக் கோடாக இறங்குகிறது, ஆனாலும் துண்டை எடுத்துத் துடைக்கக் கை வரவில்லை. துடைத்தால் அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ரெண்டும் ஒண்ணுதான். எப்படி ஒன்றாகும்? இரண்டு வாரமாகக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து எழுதிக்கொண்டிருந்தவள் அவள்தானே. இந்தப் பக்கம் இந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் மலையடிவாரத்துக் கல்லூரி. வாத்தியார்கள் எப்படி, நூலகம் எத்தனை மணி வரைக்கும், புள்ளியியல் படித்துவிட்டுப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், சோறு எப்படி. எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் சின்ன எழுத்தில் ‘மற்றவை’ என்று ஒரு வரி. அந்த வரியில்தான் சண்டையே வந்தது. "மற்றவைன்னா என்ன?" "நாடகக் குழு இருக்குதுப்பா. வாரத்துல நாலு நாள், ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் ஒத்திகை. அப்புறம் மலையேறக் கூட்டிட்டுப் போவாங்க. அப்புறம் சும்மா உக்காந்து பேசறது." "பேசறதுக்கா காலேஜு?" "பேசறதுக்கும்தான்." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. கோபம் வந்தால் அப்படித்தான், மூக்கணாங்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற காளைக்கும் அவனுக்கும் வித்தியாசம் கிடையாது என்று பூங்கொடி சொல்வாள், கட்டிக்கொண்டவள், சொல்லலாம். நான்காம் நாள் மகளே வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் பருவத்தில் எண்பதுக்குக் கீழே போனால் நாடகத்தை விட்டுவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறேன், எங்கே போனாலும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகிறேன், ஆனால் விடுதிக் கதவு சாத்துகிற எட்டு மணி வரைக்கும் சாயங்காலம் என்னுடையது. கொடுக்க வேண்டியதையெல்லாம் முதலில் கொடுத்துவிட்டு, கேட்க வேண்டிய ஒன்றைக் கடைசியில் கேட்கிறாளே, யார் இதைச் சொல்லிக்கொடுத்தது என்று உள்ளுக்குள் பூரித்துப்போனான். "சரி" என்றான். முப்பது வருஷத்தில் நாச்சிமுத்து சரி சொன்ன மாடு மறு பேச்சுக்கு வந்ததில்லை. எட்டாவதோடு நின்றவன், சாணி அள்ளியவன், அந்தியூர்த் தேர்ச்சந்தையில் பெரிய தரகர்களிடம் செருப்படி வாங்கி மேலே வந்தவன், அவனிடம் இருந்த ஒரே முதல் அந்தச் சரிதான். சொன்ன பிறகு மாற்றுகிறவன் துண்டுக்குள் சந்தையில் ஒருத்தனும் கை வைக்க மாட்டான்.

அந்தச் சரியைத்தான் இன்றைக்குப் பத்தே முக்காலுக்கு விற்றுவிட்டான். அதுவும் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. விடுதி ஆபீஸில் வரிசை நின்றது, முன்னால் நான்கு குடும்பம், பின்னால் ஏழெட்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர், பெயர் மயில்சாமி என்று சட்டையில் குத்தியிருந்தது, ஒரு பெரிய பதிவேட்டைத் திருப்பி வைத்து, "எல்லாத்துக்கும் கதவு எட்டு மணிக்குங்க. முன்னாடியே வரோணும்னு பெத்தவங்க நெனச்சா இந்தக் கட்டத்துல நேரத்தப் போட்டுக் கையெழுத்துப் போடலாம். போட்டா நாங்க கறாரா இருப்போம்" என்றார். முன்னால் நின்றவர்கள் ஒருத்தரும் போடவில்லை, கட்டம் வெள்ளையாக இருந்தது. நாச்சிமுத்துவும் அப்படியே கடந்து போயிருக்கலாம். "ஏனுங், எந்தப் பக்கம்?" என்று அந்த மனுஷன் கேட்காமல் இருந்திருக்கலாம். "குன்னத்தூர்ப் பக்கமுங்க, மாட்டுத் தரகு." "அட, நாங்க ஊத்துக்குளிங்க. எங்கப்பாருகூடக் கண்ணபுரத்துச் சந்தைக்கு மாடு ஓட்டீட்டுப் போவாரு. சின்னதுல நானும் போயிருக்கேன்." அவ்வளவுதான். எப்படி நடந்தது என்றே தெரியவில்லை, தோளிலிருந்த துண்டு கைக்கு வந்தது, ஜன்னல் பலகைமேல் விழுந்தது, அதற்குள் இரண்டு கைகளும் போயின. சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடிப்பதுதான் பேச்சு. ஐந்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டு மறுபடி ஒன்றைப் பிடித்தால் ஆறு. சுற்றி நூறு பேர் நின்றாலும் தெரியாது, மாட்டுக்காரன் முகத்தைப் பார்த்தாலும் தெரியாது, கயிற்றின் நுனியில் நிற்கிற மாட்டுக்கும் தெரியாது. அவன் ஆறு பிடித்தான். மயில்சாமி சிரித்துக்கொண்டே ஏழு பிடித்தார். இவன் திரும்பவும் ஆறு. அவர் திரும்பவும் ஏழு, இந்தத் தடவை சிரிப்பில்லாமல், அந்த ஏழாவது விரலைக் கொஞ்சம் அழுத்தி. இவன் அந்த விரலை மடக்கிவிட்டான். மடக்கியபோது நெஞ்சுக்குள் குப்பென்று ஒரு சந்தோஷம், ஜெயித்தால் வருமே, அது. ஐயோ, அதை இப்போது நினைக்கவே கூசுகிறது. முன்பின் தெரியாத மனுஷன் அவளுக்காக இன்னும் ஒரு மணி நேரம் இரண்டு தடவை கேட்டிருக்கிறான், பெற்றவன் கொடுக்கவில்லை. பிறகு கட்டத்தில் 6 என்று எழுதி, அவள் கண்ணில் படாதபடி முழங்கையை வைத்து மறைத்துக் கையெழுத்துப் போட்டான்.

டீ வாங்கினான். ஆறிப்போயிருந்தது, குடித்தான். டீயில் குறை சொல்லலாமா என்று பார்த்தான், சொல்லத் தெம்பில்லை. காலையில் எவ்வளவு தெம்பு இருந்தது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி இந்த இடத்தை ஒரு மூலை விடாமல் பார்த்தான். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினான், சோற்றுக் குண்டாவில் கையை விட்டுப் பருக்கையை நசுக்கினான், நூலகத்தில் நாலு புத்தகத்தை உருவி முதுகைத் தடவி, "தூசி இல்ல, புள்ளைங்க எடுக்குது" என்று சத்தமாகவே சொன்னான், கோபிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புள்ளியியல் துறையில் இருந்த அம்மாள், படிப்பில் இங்கே விட்டுக்கொடுக்க மாட்டோம், ஆனால் பிள்ளைகள் படிப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே போவதிலும் எங்களுக்கு இஷ்டமில்லை என்றார், அதுவும் பிடித்திருந்தது. நல்ல ஜாதி மாடு, சுழி சுத்தம், பிடித்துக்கொண்டு போகலாம் என்று மனசுக்குள் முடிவே பண்ணிவிட்டான். அப்புறம்தான் விடுதிக்குப் போகிற வழியில் அந்தப் படிக்கட்டு. பிள்ளைகள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆணும் பெண்ணும் கலந்து, எதையோ சொல்லி ஒரு பெண் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தப்பாக ஒன்றுமில்லை. யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் அவன் நடை அங்கேயே நின்றுவிட்டது. பையன்களை நினைத்துப் பயந்தான் என்றுதான் முதலில் தனக்கே சொல்லிக்கொண்டான், தகப்பன் அப்படித்தானே பயப்பட வேண்டும், ஊர் ஒத்துக்கொள்ளும். அது இல்லை. இங்கே உட்கார்ந்து யோசிக்க யோசிக்க அது இல்லை. கோபிகா அப்படிச் சிரிப்பாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று தனக்குத் தெரியாது, கேட்டாலும் புரியாது. அவ்வளவுதான் பயம். அதற்குத்தான் ஆறு. மகளின் சிரிப்பில் தனக்குப் பங்கு இல்லை என்பதற்காக ஒரு தகப்பன் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறான்.

மலையடிவாரத்துக் கல்லூரிக்குப் போன வாரம் போனார்கள். தாழ்வாரத்தின் நடுவில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு, இந்தப் பக்கம் பையன்கள் அந்தப் பக்கம் பெண்கள். முதல்வர் அந்தக் கோட்டின்மேலேயே நடந்து காட்டினார், "ஆறு வருஷமா ஒரு புகார் கெடையாதுங்க, பேச்சு இருந்தாத்தான புகாரு வரும்" என்றார். படிப்பு பிரமாதம், சுவரெல்லாம் ரேங்க் வாங்கியவர்களின் போட்டோ, ஒரு போட்டோவிலும் பல் தெரியவில்லை. திரும்புகிற பஸ்ஸில் கோபிகா வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, அங்க யாராவது சிரிச்சதப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தான், பார்க்கவில்லை. "படிக்கற எடத்துல என்ன சிரிப்பு?" என்றான். வாய் அப்படிச் சொன்னாலும் மனசு அன்றைக்கே அந்த இடத்தைத் தள்ளிவிட்டது. அப்படித் தள்ளியவன்தான், இன்றைக்கு இங்கே துண்டுக்குள் இன்னொரு கோடு போட்டிருக்கிறான். அவர்களாவது பெயிண்டில் போட்டார்கள்.

எத்தனை விரல்ப்பா. அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். அவன்தானே சொல்லிக்கொடுத்தான். ஆறு வயதில் காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுத்திருந்தாள். போர்வைக்குள் அவள் விரல்களைப் பிடித்துப் பிடித்து விளையாடினான், இது நாலு, இது ஏழு, கருப்பட்டி மிட்டாய் எத்தனை வேணும் சொல்லு, வாயால சொல்லக் கூடாது. சின்ன விரல்கள், சூடாக இருக்கும். அவள் எப்போதும் ஒன்பது பிடிப்பாள். எப்போதும் ஒன்பதில் தொடங்கி ஐந்துக்கு இறங்குவாள், ஐந்துதான் அவளுக்கு வேண்டியது. கையை மறைக்கலாம், முழங்கையை மறைக்க முடியாது, எந்தத் துண்டும் அவ்வளவு நீளம் இல்லை, முழங்கை அசைவதை வைத்தே எண்ணிவிடலாம் என்பதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அதை அவன் கற்றுக்கொண்டது எங்கே? அங்கே போகாதே என்று மனசைப் பிடித்து இழுத்தான், போய்விட்டது. கண்ணபுரத்துச் சந்தை. அவனுக்குப் பன்னிரண்டு வயது. அக்கா ராமாத்தாளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரும் சந்தைக்கு வந்திருந்தார், மாசியிலேயே கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்றார். அக்காவுக்குப் பங்குனியில் பத்தாவது பரீட்சை. அப்பாவும் அவரும் மாட்டுக்குப் பேசுகிற மாதிரியே துண்டைப் போட்டு, கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை மாதம் என்று பேசினார்கள். அக்கா வளையல் கடை ஓரமாக நின்றுகொண்டு இவனை அனுப்பினாள், போய்ப் பாத்துட்டு வாடா. அப்பாவின் முழங்கை ஒரு தடவைதான் அசைந்தது. ஒரு மாதம். திரும்பி ஓடிவந்தபோது அக்காவின் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. "எத்தனை விரல்டா?" "மூணுக்கா." மூன்று மாதம் என்றால் பரீட்சை எழுதிவிடலாம். ஏன் சொன்னான்? அந்த முகம் சந்தோஷப்பட வேண்டும் என்று சொன்னான். அக்கா பத்து நாள் விடிகாலையில் எழுந்து கணக்குப் போட்டாள். பதினோராம் நாள் மாப்பிள்ளை வீட்டார் மாசியில் நாள் குறித்து வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டார்கள். அவள் இவனைத் திட்டவில்லை. இன்றுவரை கேட்கவுமில்லை. கோபிகாவின் மதிப்பெண் பட்டியலை மட்டும் வாங்கி ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "நல்லா வாங்கியிருக்கறா" என்று திருப்பிக் கொடுப்பாள். மூணுக்கா. வேர்த்துச்சு கண்ணு. முப்பத்தெட்டு வருஷத்தில் பொய்யைக் கேட்கிற ஆள்தான் மாறியிருக்கிறது, அப்போதாவது அடுத்தவன் துண்டு.

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர்கள் வருவது தெரிந்தது. ரெஜினா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள், கோபிகா தலையை ஆட்டினாள், சிரிக்கவில்லை. அவன் எழுந்து நின்றான், பிறகு எதற்கு நிற்கிறோம் என்று உட்கார்ந்தான். "பாத்தாச்சு அங்கிள், மேடைல ஏறி நின்னு பாத்தா. நல்லாப் பேசறா உங்க பொண்ணு, எங்க குழுவுக்கு ஆளே இல்ல, கண்டிப்பாச் சேத்து விடுங்க" என்று சொல்லிவிட்டு ரெஜினா அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டாள். கோபிகா மரத்தடிச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தாள், ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு. "சாப்படறயா கண்ணு?" "வேண்டாங்ப்பா." "அரங்கம் எப்படி?" "பெருசு." ஒரு அணில் காலடியில் வந்து வடைத் துணுக்கை எடுத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். அவள்தான் சொன்னாள். "நான் மலையடிவாரத்துக் காலேஜுக்கே போறேன்ப்பா." "ஏன்? இது புடிக்கலயா?" "புடிச்சிருக்குது. ஆனா அங்க கோடு தரைல இருக்குது. கண்ணுக்குத் தெரியுது."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எழுந்து சட்டையைப் பிடித்திருப்பான். இப்போது பிடிப்பதற்கு அவனுடைய சட்டையைத் தவிர வேறு இல்லை. என்ன சொல்வது, எதில் தொடங்குவது, மன்னிப்பு என்கிற சொல்லை அவன் வாழ்நாளில் வாயில் போட்டு மென்றதில்லை. தெரிந்த ஒரே பாஷைக்குக் கை போனது. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இடத்தில் விரித்து, அதற்குள் கையை நீட்டி வைத்தான். எட்டு பிடித்துவிடலாம். ஐந்து, அப்புறம் மூன்று. அவளுக்குப் புரியும். அவள் துண்டைப் பார்த்தாள். அதற்குள் குன்றுபோல மேடிட்டிருந்த அவன் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் துண்டை அவன் கைமேலிருந்து எடுத்து, உதறி, நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சிமெண்டின்மேல் அவன் கை அப்படியே மல்லாந்து கிடந்தது. "வாயால சொல்லுங்ப்பா" என்றாள். "என்கிட்ட இல்ல. எங்க மாத்திச் சொன்னீங்களோ அங்க."

விடுதி ஆபீஸுக்கு நூறடி இருக்கும். பட்டப்பகலில் அவ்வளவு தூரம் அவன் நடந்ததே இல்லை. தோளில் ஒன்றுமில்லை, வெயில் நேராகப் படுகிறது, சட்டையில்லாமல் போகிற மாதிரி இருந்தது. வரிசை இப்போது இன்னும் நீளம், பட்டுச்சேலைகள், பேன்ட் சட்டைகள், ஒரு பெண் அவன் எங்கே புகுகிறான் என்று முறைத்தாள், கடைசியில் போய் நின்றான். எட்டு பேர். ஏழு பேர். ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. சாயங்காலமாக வந்து தனியாகச் சொல்லிவிடலாம், போனில் சொல்லலாம், மயில்சாமி நம் பக்கத்து ஆள். அப்படித் தோன்றிக்கொண்டே இருக்கும்போது ஜன்னல் வந்துவிட்டது. மயில்சாமி அடையாளம் கண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே பலகைமேல் கையை முன்னால் நகர்த்தினார், என்ன, இன்னொரு பேரமா என்கிற மாதிரி. நாச்சிமுத்து தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அந்த ஆறு வேண்டாமுங்க." "என்னங்க?" "ஆறு போட்டனே. அது வேண்டாம்." காளையை அதட்டினால் சந்தையின் மறுமுனையில் கேட்கிற குரல், இங்கே எலி மாதிரி வந்தது. "சத்தமாச் சொல்லுங்க, காத்தாடி ஓடுதில்ல, ஒண்ணும் கேக்கல." பின்னால் வரிசை அமைதியானது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அவள் வாசலில் வந்து நிற்கிறாள். "என்ற புள்ளைகிட்ட எட்டு மணின்னு ஒத்துக்கிட்டு வந்தேனுங்க. இங்க வந்து அவளுக்குத் தெரியாம துண்டுக்குள்ள ஆறுன்னு மாத்தீட்டேன். கேட்டதுக்கு வேர்த்துச்சுன்னு பொய்யும் சொன்னேன். நீங்க ஏழாச்சும் குடுங்கன்னீங்க, அதையும் மடக்குனேன். தப்புங்க. எட்டுன்னா எட்டு. அத அடிச்சிருங்க." யாரோ பின்னால் கனைத்தார்கள். ஒரு சின்னச் சிரிப்பு கிளம்பி அடங்கியது. காதிரண்டும் தீயாக எரிந்தன.

மயில்சாமி சிரிக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டி, ஆறின்மேல் ஒரு கோடு கிழித்து, "அடிச்சதுக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்து" என்று பேனாவை நீட்டினார். கை வேர்த்து வழிந்தது, பேனா நழுவியது. பழக்கத்தில் தோளைத் துழாவினான், துண்டு இல்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு போட்டான், எழுத்து கோணலாக விழுந்தது. "அட்மிஷன் உறுதிதானுங்களே? எங்க, ஃபாரத்தக் குடுங்க." "அது எனக்குத் தெரியாதுங்க" என்றான் நாச்சிமுத்து. "அவளத்தான் கேக்கோணும்." கையைப் பலகையிலிருந்து எடுக்க மறந்துபோய் அப்படியே நின்றான், ஐந்து விரலும் விரிந்து, எல்லோரும் பார்க்கும்படி. காற்றாடி சுற்றியது. பிறகு அவன் விலாவை ஒட்டி ஒரு கை நீண்டு வந்தது, மடித்த படிவம் ஒன்றைப் பலகையில் வைத்துப் பிரித்து நீவிவிட்டது. "புள்ளியியல்ங்க சார்" என்றாள் கோபிகா, மயில்சாமியைப் பார்த்து. அவனைப் பார்க்கவில்லை. துண்டு அவளுடைய அக்குளில் இடுக்கியிருந்தது. ஊருக்குப் பஸ் ஏறி, குன்னத்தூரில் இறங்கும்வரைக்கும் அவள் அதைத் திருப்பித் தரவில்லை, அவனும் கேட்கவில்லை.